புதுநன்மைப் படமும் புதுப் பற்களும்

நம் இல்லங்களின் கூடத்தை அலங்கரிக்கும் படங்களுள் புதுநன்மைப் படம் ஒன்று தவறாது இடம்பெற்றிருக்கும். வெள்ளுடை, தலையில் மலர்முடி, கையில் மெழுகுதிரி. அப்படத்தில் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பக்தி மட்டுமே அதற்குக் காரணமன்று. முன்பற்கள் இரண்டு விழுந்திருக்கும். அல்லது விழுந்த இடத்தில் புதுப்பல் ஒன்று பெரிதாய், சற்றே கோணலாய் எட்டிப் பார்க்கும்.

நெய்வேலி நகரியத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “அக்கா, இவளுக்குப் பல்லில் கம்பி போட வேண்டுமா? அல்லது பெரியவளான பின் பார்த்துக்கொள்ளலாமா?” அக்குழந்தைக்கு அப்போது வயது ஏழு. கேள்வி சரியான வயதில் எழுந்தது என்பதே என் முதல் மகிழ்ச்சி. பெரும்பாலான வீடுகளில் இக்கேள்வி பெண் பார்க்க வருபவர்கள் நாள் குறித்த பின்னரே எழுகிறது.

ஏழு வயதில் கம்பி போடவேண்டும் என்பதன்று. ஏழு வயதில் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நிலையான கடைவாய்ப்பல் ஒன்று சத்தமின்றி முளைக்கிறது. பெற்றோர் பலர் இதையும் பால்பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகின்றனர். ஆனால் எட்வர்டு ஆங்கிள் என்னும் அமெரிக்க மருத்துவர் 1899-இல் பல்வரிசைப் பொருத்தத்தை வகைப்படுத்தியபோது, இந்தப் பல்லையே அளவுகோலாகக் கொண்டார். இதனுடன் முன்பற்களும் முளைக்கத் தொடங்கிய அந்த வயதில், வாயைப் பார்த்து ஓர் எக்ஸ்ரே எடுத்தால், பின்னால் வரப்போவது என்ன என்பது மருத்துவருக்கு ஓரளவு புலப்பட்டுவிடும்.

பார்த்தபின் பெரும்பாலும் அவர் சொல்வது, “காத்திருங்கள்” என்பதே. மேல் முன்பற்களிடையே இடைவெளி இருப்பதைக் கண்டு கலங்கும் தாய்மார் உண்டு. பதினொரு பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அந்த இடைவெளி பல குழந்தைகளுக்குத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் வாய் மூடும்போது மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகச் சென்று அமர்ந்தால், அல்லது குழந்தை எப்போதும் வாயால் மூச்சு விட்டால், அல்லது விரல் சூப்பும் பழக்கம் இன்னும் விடவில்லையென்றால், காத்திருப்பது தவறு. விரலில் வேப்பெண்ணெய் தடவுவதும் அதட்டுவதும் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. குழந்தைக்கு எந்த நேரத்தில் அந்த ஆறுதல் தேவைப்படுகிறது என்று கண்டறிவதே நல்லது.

நான் மிகவும் வருந்துவது, “விழப்போகிற பல்தானே” என்று சொல்லிப் பால்பல்லைப் பிடுங்கிவிடும் வழக்கத்தைக் கண்டுதான். பால் கடைவாய்ப்பல் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை தன் இடத்தில் நிற்கவேண்டியது. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்துக் காத்திருக்கும் காவற்காரன் அது. ஆறு வயதில் அதைப் பிடுங்கினால், பின்னாலுள்ள ஆறு வயதுப் பல் முன்னோக்கிச் சாய்ந்து அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும். உரிய பல் வரும்போது அமர இடமிராது. தெற்றிக்கொண்டு வெளியே வரும். பால்பல் சொத்தையானால் அடைக்கலாம். எடுத்தே தீரவேண்டுமென்றால், அந்த இடத்தைக் காக்க ஒரு சிறு உலோக வளையம் பொருத்துவார்கள். பின்னாளில் ஈராண்டுச் சிகிச்சையையும் அதன் செலவையும் தவிர்க்கக்கூடிய சின்னஞ்சிறு பொருள் அது.

சரி, உறுதியான எலும்பில் பதிந்த பல் எவ்வாறு நகர்கிறது? நெய்வேலிக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத்தில் சக்கர வாளி எந்திரம் ஒருபுறம் மேல்மண்ணை வெட்டுகிறது. வெட்டிய மண் பட்டைவழி சென்று, பழுப்பு நிலக்கரி எடுக்கப்பட்ட குழியில் கொட்டி நிரப்பப்படுகிறது. சுரங்கம் இவ்வாறே மெல்ல மெல்ல நகர்கிறது. தாடையிலும் அதுவே நிகழ்கிறது. கம்பி பல்லை மெல்ல அழுத்தும் பக்கத்தில் சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. மறுபக்கத்தில் வேறு உயிரணுக்கள் புது எலும்பை இட்டு நிரப்புகின்றன. மாதத்திற்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நகர்வு. அவசரப்பட்டு மிகுந்த விசை கொடுத்தால் பல்லின் வேரே கரைந்து குட்டையாகிவிடும். ஆகவேதான் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். நல்ல மருத்துவர் எவரும் ஆறே மாதத்தில் முடிப்பதாக எல்லோருக்கும் வாக்களிக்கமாட்டார்.

கீழ்த்தாடை உள்ளடங்கிய குழந்தைகளுக்கு, அவர்கள் வேகமாக வளரும் பருவத்தில் கழற்றி மாட்டும் கருவிகள் தருவார்கள். பெண் குழந்தைகளுக்கு அப்பருவம் ஆண்களைவிடச் சற்று முந்தியே வரும். பற்களில் ஒட்டும் கம்பிக்குரிய வயது, பெரும்பாலும் நிலையான பற்கள் முளைத்து முடிந்த பன்னிரண்டு, பதின்மூன்று. பழைய எஃகுக் கம்பியை அடிக்கடி வளைத்து மாற்றவேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான நிக்கல் டைட்டானியக் கலவை 1970-களில் பல்மருத்துவத்திற்கு வந்தபின், மெல்லிய விசை நெடுநாள் நிலைத்தது. உலோகக் கிளிப்பே மலிவு. பல்நிறப் பீங்கான் கிளிப் அதைவிடச் செலவு. 1990-களின் இறுதியில் வந்த கண்ணாடி போன்ற கழற்றும் உறை பெரும்பாலும் எல்லாவற்றிலும் அதிகச் செலவு. அந்த உறையை நாளெல்லாம் அணியும் கட்டுப்பாடில்லாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுப்பது வீண். இடம் போதாதபோது நல்ல பல்லையே எடுக்கவேண்டி வருவதுண்டு. மேற்பல்லை எடுத்தால் கண்பார்வை போகும் என்னும் அச்சம் நம்மிடையே இன்றும் உலவுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பெரியவர்களுக்கு? பல் எந்த வயதிலும் நகரும். நாற்பதிலும் சிகிச்சை பெறலாம். ஆயினும் ஈறு நலமாயிருக்கவேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இருக்கவேண்டும். தாடை வளர்ச்சி முடிந்துவிட்டதால், தாடையே பொருந்தாதவர்களுக்குச் சில நேரங்களில் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். திருமணத்திற்கு மூன்று மாதமே இருக்கையில் நலமான முன்பற்களைச் சீவி உறையிட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்க்கிறோம். சீவிய பல் மீண்டும் வளர்வதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இதை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

செலவுக்கு அஞ்சுவோர் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். வடலூரைத் தாண்டிச் சிதம்பரம் சென்றால், 1980-இல் இராசா முத்தையா பெயரில் தொடங்கி, பின்னர் அரசுடைமையான பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியிலும் சென்னையிலும் அரசு நிறுவனங்கள் உண்டு. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பார்கள். செலவு குறைவு, காத்திருப்பு அதிகம்.

கம்பி இருக்கும்வரை ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பல் துலக்கவேண்டும். இல்லையேல் கிளிப்பைச் சுற்றி வெண்புள்ளிகள் படிந்து நிலைத்துவிடும். முறுக்கு, சீடை, கமர்கட்டு ஆகியவற்றைப் பிள்ளைகள் விட்டுவிடவேண்டும். கம்பி கழன்ற அன்று வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். சிகிச்சையின் பிற்பாதி அன்றுதான் தொடங்குகிறது. நகர்ந்த பற்கள் பழைய இடத்திற்கே திரும்ப முயலும். அவற்றை நிறுத்திவைக்கும் ரிடெய்னர் என்னும் தகட்டை முதலில் இரவும் பகலும், பின்னர் இரவில் மட்டும், பல ஆண்டுகள் அணியவேண்டும். அந்தத் தாயிடம் நான் இறுதியில் சொன்னது அதுதான். சாப்பிடும்போது அதைக் காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்தால், எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும். ஒரு சிறு டப்பா வாங்கிக்கொடுங்கள் என்றேன்.