இலுப்பையை இனங்காண்போம்

2011ஆம் ஆண்டு, வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்திற்குப் போயிருந்தேன். கணவனை இழந்த அக்கா ஒருவர் தன் காணியின் எல்லையைக் காட்ட வேண்டியிருந்தது. உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. வேலியும் இல்லை, கிணற்றடியும் தெரியவில்லை, எங்கும் பற்றை. பக்கத்துக் காணிக்காரரோ தன் கட்டைகளை உள்ளே தள்ளி நட்டுவிட்டார்.

"வடக்கு மூலையில ஒரு இலுப்பை நிண்டது. அதைக் கண்டால் போதும்" என்றார் அக்கா.

நான் முந்திக்கொண்டு ஒரு பெரிய மரத்தின் இலையைக் கிள்ளினேன். பால் வந்தது. "இதுதானே அக்கா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது பாலை, பிள்ளை. பால் ரெண்டிலயும் வரும். இலையின்ர நுனியைப் பாரும்."

உண்மைதான் சகோதரிகளே. இரண்டும் ஒரே குடும்ப மரங்கள். பாலையின் இலை சிறியது, தடித்தது, நுனியில் சிறு வெட்டு இருக்கும். இலுப்பை இலை நீண்டு ஒடுங்கி, கூராக முடியும். கொப்பின் நுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும். இலை உதிர்ந்து தளிர்க்கும்போது செம்பு நிறத்தில் தளிர் வரும். தூரத்திலிருந்தே தெரியும்.

பூக்காலத்தில் சந்தேகமே வராது. கொப்பு நுனிகளில் பூக்கள் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். வெளியிதழ் துரு நிறம். உள்ளே இருப்பது வெளிர்மஞ்சள் நிறத்தில் தடித்த, சாறுள்ள, இனிப்பான பூவிதழ். அது இரவில் கழன்று விழ, விடியற்காலையில் மரத்தடி முழுக்க மணக்கும். மெல்லிய நூல் போன்ற சூல்தண்டு மட்டும் கொப்பிலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள்! காய் பச்சை நிறம். உள்ளே பளபளப்பான மண்ணிற விதைகள். விளக்கெரிக்க எண்ணெய் எடுப்பது இதிலிருந்துதான். பிண்ணாக்கு தலைமுழுக உதவும். ஆனால் ஆடு மாட்டுக்கு அப்படியே கொடுத்துவிடாதீர்கள், அதில் நச்சுத்தன்மை உண்டு.

அன்று பூவும் இல்லை, காயும் இல்லை. ஒரு மணித்தியாலம் தேடினோம். கடைசியில் அக்கா ஒரு கரிந்த அடிமரத்தின் முன்னால் நின்றுவிட்டார். மேல்பாதி ஷெல்லில் போய்விட்டது. பட்டைக்குள்ளிருந்து நாலைந்து தளிர்கள், செம்பு நிறத்தில்.

"இதுதான்" என்றார். கையை எடுக்காமலே நின்றார்.

பக்கத்துக் காணிக்காரரின் தாயாரும் வந்து பார்த்து, "ஓம், இந்த இலுப்பைக்குக் கீழதான் நாங்கள் பூப் பொறுக்கினது" என்றார். கட்டைகள் பிடுங்கி நடப்பட்டன. கிராம அலுவலர் குறித்துக்கொண்டார்.

உங்களுக்கும் இப்படியொரு சிக்கல் என்றால், மரத்தோடு மட்டும் நிற்காதீர்கள். பதிவான உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பியுங்கள்.

போகும்போது அக்கா என்னிடம் இலுப்பை விதை கேட்டார். விழுந்தவுடன் ஈரமாகவே நட வேண்டும், காயவிட்டால் முளைக்காது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த பயணத்தில் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன். பதினொன்றில் ஏழு முளைத்தன.