கிளியைக் கொன்ற முயல்

பூனையும் கிளியும் ஒரே தீவில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தன. பூனைக்கு அவ்வப்போது கிளி கிடைத்திருக்கும். ஆனாலும் கிளிக்கூட்டம் குலையவில்லை. பிறகு அந்தத் தீவுக்கு முயல் வந்தது. பதினைந்து ஆண்டுகள் முடிவதற்குள் கிளி இனமே இல்லாமல் போயிற்று.

முயல் புல் தின்கிற பிராணி. ஒரு கிளியின் மேல்கூட அது பல்லைப் பதித்திருக்காது. பிறகு எப்படி?

இடம் மெக்குவாரி தீவு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது. டாஸ்மேனியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் ஏறத்தாழ நடுவில், 34 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அகலமுமாகக் கடலில் கிடக்கும் ஒரு பச்சைக் கீற்று. மரம் என்று ஒன்று அங்கே கிடையாது. உயரமாக வளரும் கற்றைப்புல்லும், ‘மெக்குவாரி முட்டைக்கோஸ்’ என்று அழைக்கப்படும் அகன்ற இலைச்செடியும்தான் அந்தத் தீவின் காடு. கிளிகூடத் தரையில், புல் கற்றைகளின் அடியில்தான் கூடு வைத்தது. தரையில் திரியும் பாலூட்டி வேட்டை விலங்கு எதையும் மனிதர் வரும்வரை அந்தத் தீவு கண்டதில்லை. அதனால் தரை பத்திரமான இடமாக இருந்தது.

1810-ல் சீல் வேட்டைக் கப்பல்கள் அந்தத் தீவைக் கண்டுபிடித்தன. உரோமத்துக்காகப் பத்தே ஆண்டுகளில் அங்கிருந்த உரோம சீல்களைக் கொன்று தீர்த்தார்கள். கப்பலில் வந்த பூனைகள் கரையேறின. 1820 வாக்கில் அவை காட்டு வாழ்க்கைக்குப் பழகிவிட்டிருந்தன. நம் ஊர்க் காட்டுப்பூனையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம். அது தனி இனம். தன் காட்டிலேயே பிறந்து வளர்ந்தது. மெக்குவாரியில் திரிந்தது நம் அடுப்படியில் படுத்திருக்கும் அதே வீட்டுப் பூனை. மனிதனை விட்டு விலகி, தானே வேட்டையாடிப் பிழைக்கத் தொடங்கிய பூனை.

1870-களில் வேட்டைக்காரர்கள் தங்கள் சாப்பாட்டுக்காக நியூசிலாந்தின் வெக்கா என்ற பறக்காத பறவையையும், பிறகு 1878 வாக்கில் முயலையும் கொண்டுவந்து விட்டார்கள். கிளியின் முடிவு அங்கிருந்து தொடங்கியது. இதற்கான விளக்கத்தை 1979-ல் எழுதியவர் நியூசிலாந்தின் உயிரியலாளர் ரௌலி டெய்லர். கடற்பறவைகள் கோடையில் தீவுக்கு வந்து கூடு கட்டும். குளிர்காலத்தில் பெரும்பாலானவை கடலுக்குப் போய்விடும். ஆகவே குளிர்காலம் பூனைக்குப் பஞ்ச காலம். அந்தப் பஞ்சத்தில் பல பூனைகள் செத்துப்போகும். மிஞ்சிய சில பூனைகளைக் கிளி இனம் தாங்கிக்கொண்டது. முயல் வந்த பிறகு பூனைக்கு ஆண்டு முழுவதும் இரை கிடைத்தது. பஞ்சம் நீங்கியதால் பூனைகள் பெருகின. பெருகிய பூனைகளும் வெக்காக்களும் தரையில் கூடு வைத்த கிளியைத் துடைத்தெடுத்தன. 1891-க்குப் பிறகு அந்தக் கிளியைப் பார்த்தவர் இல்லை. அதே தீவில் மட்டும் வாழ்ந்த ஒரு கானாங்கோழித் துணையினமும் அதே காலத்தில் மறைந்தது.

காடேறிய பூனையைப் பற்றி எந்த வாதம் எழுந்தாலும் எனக்கு முதலில் இந்தக் கிளிதான் நினைவுக்கு வருகிறது. குற்றவாளி பூனையா, முயலா, இரண்டையும் கப்பலில் ஏற்றியவனா என்று கேட்டால், மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

மெக்குவாரியின் கதை அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. முயல்கள் புல்லைத் தின்று சரிவுகளை மொட்டையாக்கின. 1968-ல் முயலின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சியையும், 1978-ல் அது பரப்பக்கூடிய, முயலைக் கொல்லும் மிக்சோமா வைரஸையும் ஆஸ்திரேலிய அதிகாரிகள் தீவில் விட்டார்கள். அப்போது ஏறத்தாழ 1,30,000 ஆக இருந்த முயல்கள் 1980-களில் 20,000-க்கும் கீழே இறங்கின. புல் மறுபடி எழுந்தது. ஆனால் முயலைத் தின்று பழகிய பூனைகள் இப்போது கடற்பறவைகள் பக்கம் திரும்பின. ஆண்டுக்கு 60,000 பறவைகள் வரை பூனைக்கு இரையானதாக மதிப்பிட்டார்கள். எனவே 1985-ல் பூனை ஒழிப்பு தொடங்கியது. பொறி வைத்தும் சுட்டும் பதினைந்து ஆண்டுகள் நடந்த வேலை அது. 2000-ல் கடைசிப் பூனை கொல்லப்பட்டது. அதையொட்டி, நூறு ஆண்டுகளாக அங்கே கூடு கட்டாமல் இருந்த சாம்பல் பெட்ரல் பறவை திரும்பி வந்து முட்டையிட்டது.

பெரிய வெற்றிதான். ஆனால் பூனை போனதும் முயலைத் தின்ன ஆளில்லை. மிக்சோமா வைரஸின் வேகமும் குறைந்துகொண்டு வந்தது. 2006-ல் முயல்கள் பழைய 1,30,000-க்கே திரும்பின. புல் வேர் பிடித்திருந்த சரிவுகள் வெறும் மண்ணாயின. அந்த ஆண்டு மழையில் லுசிட்டானியா விரிகுடாவின் மேலிருந்த சரிவு சரிந்து, கீழே இருந்த பெங்குவின் குடியிருப்பின் மேல் விழுந்தது.

2009-ல் டானா பெர்க்ஸ்ட்ரோம் தலைமையிலான ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள்: பூனையை மட்டும் அகற்றியதன் பின்விளைவாகத் தீவின் ஏறத்தாழ நாற்பது சதவீதப் பரப்பில் தாவரங்கள் மாறிவிட்டன என்று. உடனே இன்னொரு குழு மறுத்தது. முயல் பெருகியதற்கு வைரஸ் தளர்ந்ததே முக்கியக் காரணம், பூனையின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். எந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. பூனையையும் முயலையும் தனித்தனிக் கணக்காக எழுதியது தவறு என்பதை இரண்டு தரப்பின் தரவுகளுமே காட்டின என்று நான் நினைக்கிறேன்.

அடுத்துச் செய்த வேலையில் அந்தத் தவறு இல்லை. முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒரே வீச்சில் அகற்றுவது என்று முடிவு செய்து, ஏறத்தாழ 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கினார்கள். 2010-ல் தொடங்கிய வேலை மோசமான வானிலையால் நின்றது. 2011-ல் முதலில் முயல்களைத் தாக்கும் வேறொரு வைரஸைப் பரப்பினார்கள். பிறகு ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சு கலந்த இரையைத் தீவு முழுவதும் தூவினார்கள். அதன்பின் பயிற்சி பெற்ற நாய்களோடு ஆட்கள் தீவை அங்குலம் அங்குலமாக நடந்து தேடினார்கள். எஞ்சியிருந்த முயல்கள் 13 மட்டுமே. அவற்றையும் பிடித்த பின்பு, சந்தேகம் தீர இரண்டாண்டுகளுக்கு மேல் தேடுதல் தொடர்ந்தது. 2014 ஏப்ரலில் தீவு விடுபட்டது என்று அறிவித்தார்கள். விலையும் கொடுத்தார்கள்: செத்த விலங்குகளைத் தின்ற ஸ்குவா, பெரும் பெட்ரல் போன்ற பறவைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் நஞ்சால் இறந்தன.

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த இதே கடல் வட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் மேரியன் தீவில் பாதி வேலையோடு நின்றுபோனதன் விளைவை இன்றும் பார்க்கலாம். 1949-ல் வானிலை நிலையத்தில் சுண்டெலித் தொல்லை என்று ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-க்குள் அவை மூவாயிரத்தைத் தாண்டின; ஆண்டுக்கு நான்கரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றன. நோய்க்கிருமியை விட்டு, சுட்டு, பொறிவைத்து 1991-ல் பூனைகளை ஒழித்தார்கள். சுண்டெலி மட்டும் தங்கிவிட்டது. இப்போது அந்தச் சுண்டெலிகள், கூட்டை விட்டு நகரத் தெரியாத ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. பறவையின் பிடரியில் ரத்தம் வழியும் படங்களை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

பூனையைக் கொல்வது சரியா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2015-ல் ஆஸ்திரேலிய அரசு ஐந்து ஆண்டுகளில் இருபது லட்சம் காடேறிய பூனைகளைக் கொல்லப்போவதாக அறிவித்தபோது, நடிகை பிரிஜித் பார்தோ உட்பட உலகெங்கும் பலர் எதிர்த்தார்கள். பூனை வளர்த்தவன் என்ற முறையில் அந்த எதிர்ப்பின் வலி எனக்குப் புரிகிறது. பொறியில் சிக்கிய பூனைக்கு வலிப்பது பொய்யில்லை. தான் அந்நியன் என்று அதற்குத் தெரியாது. அதைக் கொண்டுபோனது நாம். ஆனால் ஆஸ்திரேலியாவில் கடந்த இருநூறு ஆண்டுகளில் அழிந்த பாலூட்டி இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் முடிவில் பூனைக்குப் பங்கு உண்டு. அந்தச் சின்னப் பிராணிகளுக்காகக் கையெழுத்து இயக்கம் நடத்த யாரும் இருக்கவில்லை.

வேறொரு கேள்வி அறிவியலாளர்களையே இரண்டாகப் பிரித்தது. 2011-ல் மார்க் டேவிஸ் உள்ளிட்ட 19 சூழலியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில், ஓர் உயிரினத்தை அதன் பிறப்பிடத்தை வைத்து எடைபோட வேண்டாம், அது செய்யும் வேலையை வைத்து எடைபோடுங்கள் என்று எழுதினார்கள். டேனியல் சிம்பர்லாஃப் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதே இதழில் மறுத்தார்கள்: பல உயிரினங்கள் பத்திருபது ஆண்டுகள் சாதுவாக இருந்துவிட்டுப் பிறகே பெருகுகின்றன; வேலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

முதல் தரப்பில் உண்மை இருக்கிறது. நம் சாம்பாரின் புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதரோடு கடல் கடந்த டிங்கோ நாயை இன்று ஆஸ்திரேலிய விலங்கு என்றே பலரும் கருதுகிறார்கள். வந்ததனாலேயே எதுவும் எதிரியாகிவிடாது. பெருநிலத்தில் பூனை என்றால் நம் பறவைகளுக்குப் புதிது அல்ல. காட்டுப்பூனையோடும் கீரியோடும் மரநாயோடும் காலங்காலமாகப் போராடிப் பழகியவை அவை. தீவுப் பறவைக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனாலும் என் தீர்ப்பு இரண்டாம் தரப்புக்கே. ஏனென்றால் மெக்குவாரியின் பூனை அறுபது ஆண்டுகள் ‘சாதுவாக’ இருந்தது. முயல் வரும்வரை.

ஆகவே இருக்கிற பூனையை அகற்றுவதைக் காட்டிலும், புதிதாக ஒன்றை விடாமல் இருப்பது எவ்வளவோ மலிவு. இதில் நமக்கும் வேலை இருக்கிறது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய மீன் கையளவு வளர்ந்ததும் ஏரியில் கொட்டுகிறோம். தென்னமெரிக்காவின் அந்த மீன் தமிழகத்து நீர்நிலைகளில் இப்போது வலையில் சிக்குகிறது. குழந்தைக்கு வாங்கிய சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்தில் விடுகிறோம். வளர்க்க முடியாத பூனைக்குட்டியைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறோம். உயிரைக் காப்பாற்றியதாகவே நினைத்துத் திரும்புகிறோம்.

உங்கள் வீட்டில் பூனை இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிடுங்கள். மீனோ ஆமையோ பெரிதாகிவிட்டால் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால் வளர்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.