இந்த மலைக்கு ரோடு போடுங்க பார்க்கலாம்!

ஃப்ரெண்ட்ஸ், கால்குலேட்டரை எடுங்க. ஒரு சின்ன கணக்கு!

அடிவாரத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் ஒரு மலைக் கிராமம். மலைச்சாலைக்கு வழக்கமான சரிவு 20-க்கு 1. அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர்தான் ஏறணும். அப்போ ரோடு எவ்வளவு நீளம்? 10 கிலோமீட்டர்! ஒற்றையடிப் பாதையில் ஊர்க்காரங்க விறுவிறுன்னு ஏறிடுவாங்க. ஆம்புலன்ஸ் ஏறாதே!

சரி, வழியில் காடு இருக்கு. 2006 வன உரிமைச் சட்டப்படி, கிராம சபை பரிந்துரைச்சா ரோட்டுக்கு வனநிலம் கிடைக்கும். ஆனா, 1 ஹெக்டேருக்கும் குறைவாத்தான். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டவும் கூடாது. ஒரு வண்டி போற ரோடு 3.75 மீட்டர் அகலம். 10,000 சதுர மீட்டரை அதால வகுத்துப் பாருங்க... சுமார் 2.66 கிலோமீட்டர். வடிகால், ஓரம் எல்லாம் சேர்த்தா இன்னும் குறையும். மிச்ச தூரத்துக்கு? 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு வரை ஃபைல் போகணும்.

'அப்போ காடு வேணாமா?'ன்னு கேட்பீங்க. கண்டிப்பா வேணும். ஆனா, ஃபைல் நகர்ற வரைக்கும் காத்திருக்கிறது யார்?

2023 மே மாதம். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடிச்சது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. திரும்பி வரும்போது ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, உடலைத் தூக்கிட்டு அம்மா மலையேறினாங்க.

இன்னொரு சிக்கல், தலைக்கணக்கு. 2000-ல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளின்னா 500 பேர், மலை மாநிலங்கள், பாலைவனம், ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதின்னா 250 பேர் இருக்கணும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒண்ணுகூட இல்லை! ரோடு இல்லாததால் ஊரை விட்டுப் போறாங்க. ஆள் குறையக் குறைய, ரோடு இன்னும் தள்ளிப் போகுது. எப்படி இருக்கு கதை?

ரோடு வந்துட்டா ஊரே பணக்கார ஊராகிடாதுங்க. இந்தத் திட்டத்தை ஆராய்ஞ்சு சாம் ஆஷர், பால் நோவோசாட் 2020-ல் வெளியிட்ட கட்டுரையும் அதைத்தான் சொல்லுது. விவசாயக் கூலிகள் வேற வேலைக்குப் போனாங்க. வருமானம் பெருசா ஏறலை. ஆனா, பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் ரோடுதான் முதல் மருந்து!

அந்த 1 ஹெக்டேருக்கே கிராம சபைத் தீர்மானம் வேணும். கூடவே அளந்து வரைஞ்ச மேப் ஒண்ணு இருந்தா மனுவுக்கு வெயிட் கூடும். காலேஜ் கிரவுண்டையே சுத்திச் சுத்தி அளக்கிற சிவில் மக்களே... அடுத்த சர்வே கேம்ப்பை ஒரு மலைக் கிராமத்தில் போட்டா என்ன?