உப்புக் காற்றடிக்கும் ஊருக்கு எந்த மூங்கில்?

மூலக்கொத்தளத்தில் ஏணி, சாரக்கழி, தட்டி விற்கும் மூங்கில் கடை ஒன்றில் போன மாதம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி குட்டியானை வண்டியில் சுமார் இருநூறு கழிகளுடன் வந்து இறங்கினார். ஒன்றரை ஏக்கரில் முள் மூங்கில் வைத்து, ஐந்தாம் ஆண்டில் வெட்டிய முதல் வெட்டு அது. கடைக்காரர் ஒரு கழியை எடுத்துத் தரையில் தட்டினார். கணு ஓரத்திலிருந்து மாவு போல வெள்ளைத் தூள் கொட்டியது.

"பெரியவரே, இது பிஞ்சுக் கழி. அடுத்த மாசத்துக்குள்ள பாதி உளுத்துடும். சாரத்துக்கு இதைக் குடுத்தா மேல ஏறுற ஆளோட உசுருக்கு யார் பதில் சொல்றது?"

அவர் கேட்ட விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. வண்டி வாடகை போக மிச்சமில்லை என்றார். மூங்கிலில் வருமானம் வராது என்பதல்ல இதன் பொருள். அவருக்கு இரண்டு இடத்தில் பிசகியிருந்தது. ஒன்று, எந்த மூங்கில் என்பதில். இன்னொன்று, எப்போது வெட்டுவது என்பதில். நெல்லில் ரகம் தவறினால் நான்கு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம். மூங்கிலை ஒருமுறை வைத்துவிட்டால் முப்பது, நாற்பது ஆண்டு உங்கள் நிலத்தில் இருக்கும். கன்று வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தூராக வளர்வதும் ஓடி வளர்வதும்

மூங்கில் புல் வகையைச் சேர்ந்தது. நம் சமவெளியில் வளர்பவை ஏறக்குறைய எல்லாமே தூர் கட்டும் வகை. கிழங்கு பக்கத்திலேயே அடுத்த கழியை விடும், அதனால் புதர் மெல்லத்தான் அகலும். சீனா, ஜப்பான் பக்கத்து மூங்கில்கள் பல ஓடும் வகை. கிழங்கு மண்ணுக்கடியில் நீளமாக ஓடி, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் தலை நீட்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அவை நன்றாக வரும். ஆனால் சுற்றிலும் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தடுப்பு வைக்காமல் நடாதீர்கள். அப்படி நட்டுவிட்டு அண்டை வீட்டாருடன் மனக்கசப்பில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அழகுச்செடிக் கடையில் கண்ணாடிக் குடுவையில் விற்கும் 'லக்கி பாம்பூ' மூங்கிலே இல்லை. அது டிரசீனா என்ற வேறு செடி.

வறண்ட காட்டுக்குக் கல் மூங்கில்

மானாவாரி நிலம், சரளை மண், கோடையில் கொளுத்தும் வெயில் என்றால் கல் மூங்கில்தான். கெட்டி மூங்கில் என்றும் சொல்வார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சிவகங்கை போன்ற இடங்களுக்கு ஏற்றது. ஆண்டுக்கு 750 மில்லிமீட்டர் மழை இருந்தால் சமாளித்துக்கொள்ளும். போலீஸ்காரர் கைத்தடி முதல் ஏணிச் சட்டம் வரை இதில்தான். ஆனால் தண்ணீர் தேங்கும் நிலத்தில் இது நிற்காது. இன்னொரு சங்கதியும் உண்டு. வறண்ட நிலத்தில் உள்ளே அடைத்துக் கெட்டியாக வளரும் இதே மூங்கில், வளமான ஈர மண்ணில் உள்ளே குழாயாகிவிடும். 'கெட்டி ரகம்' என்று கேட்டு வாங்கி வாய்க்கால் கரையில் வைத்துவிட்டு, கெட்டியாக வரவில்லை என்று நர்சரிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆற்றுப்படுகை, ஆழமான வண்டல் இருந்தால் முள் மூங்கில் நன்றாக வரும். நூறடி உயரம்கூடத் தொடும். கரை அரிப்பைத் தடுக்க இதைவிட நல்ல வேலி இல்லை. ஆனால் முள்ளின் காரணமாக வெட்டுக்கூலி கூடும். தூருக்குள் ஆள் நுழைய முடியாது. அதனால்தான் பலர் உள்ளே இருக்கும் முதிர்ந்த கழியை விட்டுவிட்டு, ஓரத்தில் கைக்கு எட்டும் இளங்கழியை வெட்டுகிறார்கள். பொன்னேரி விவசாயிக்கு நடந்தது அதுதான்.

முள் இல்லாமல், பருமனான கழி வேண்டும், சொட்டுநீர் இருக்கிறது என்றால் பல்கூவா பார்க்கலாம். 'பீமா மூங்கில்' என்று விற்பது இதிலிருந்து தெரிவு செய்த ரகம்தான். தண்ணீர் கொடுத்தால் பலன் தரும். விளம்பரத்தில் வரும் டன் கணக்கை மானாவாரி நிலத்துக்கு அப்படியே நம்பவேண்டாம். கன்னியாகுமரி, தென்காசி மலையடிவாரத்துக்கு, கொங்கண் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஸ்டாக்சி என்ற சிறு மூங்கிலைச் சொல்வேன். முள் இல்லை, கழி நேராக வரும், கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டே வளரும், வெட்டுவதும் எளிது. வீட்டு வேலிக்கு என்றால் மல்டிபிளெக்ஸ் என்ற குட்டை வேலி மூங்கில் போதும். இருபது அடிக்கு மேல் பெரும்பாலும் போகாது, கத்தரித்தும் விடலாம்.

எண்ணூர் முதல் பழவேற்காடு வரை

வடசென்னை, மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். சென்னைப் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மூங்கிலுக்கு இது தாராளம். சிக்கல் மழையில் இல்லை, உப்பில் இருக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பொதுவாக மூங்கில் உப்பைத் தாங்காது. இலை நுனி கருகும், குருத்து சிறுத்துப் போகும், கழி ஆண்டுக்கு ஆண்டு மெலியும். செடி சாகாமல் இருப்பதால் நமக்குப் புரிய நான்கைந்து ஆண்டு ஆகிவிடும்.

எனவே கன்று வாங்கும் முன் மண்ணையும் தண்ணீரையும் சோதியுங்கள். அதுவும் மழை முடிந்த டிசம்பரில் அல்ல, உப்பு உச்சத்தில் நிற்கும் மே மாதத்தில். மண் பரிசோதனை அட்டையில் மின்கடத்துத்திறன் 1-க்குக் கீழே இருந்தால் துணிந்து நடலாம். 1-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். காரநிலை 8.5-க்கு மேல் போனாலும் அப்படியே. திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.

கடலை ஒட்டிய மணலில் மூங்கிலை முதல் வரிசையில் வைக்காதீர்கள். அது சவுக்கின் இடம். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கப் பிறந்தது சவுக்கு. சவுக்கு இரண்டு மூன்று வரிசை எழுந்த பிறகு, அதன் மறைவில், நல்ல தண்ணீர் உள்ள பக்கம் மூங்கிலை வைக்கலாம். அங்கேயும் என் தேர்வு முள்ளில்லாத பச்சை மூங்கில், அதாவது வல்காரிஸ். இடையிடையே வெள்ளம் வந்து வடிந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கழியையோ பக்கக் கிளையையோ வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். குறையும் உண்டு. மற்ற மூங்கிலைவிட இதில் மாவுச்சத்து அதிகம், உளுவண்டு தேடி வரும். சாரத்துக்கு விற்பதைவிடப் பந்தல், தட்டி, முட்டுக்கொடுக்கும் வேலைகளுக்கே இது சரி. 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே பெருமரங்களைச் சாய்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நெருக்கமாக நிற்கும் மூங்கில் தூர் வளைந்து கொடுக்கும். ஆனால் மின்கம்பியின் கீழே வைத்தால் அதே வளைவு ஆபத்தாகும்.

கன்றின் வயதைக் கேளுங்கள்

இதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. முள் மூங்கில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும், மூங்கில் அரிசி தரும், பிறகு தூரோடு காய்ந்துவிடும். கல் மூங்கிலும் பூத்தால் சாகும். பழைய தூரிலிருந்து பிரித்த பக்கக் கன்றுக்குத் தாயின் வயதே கணக்கு. முப்பத்தைந்து வயதுத் தூரின் கன்றை இன்று நட்டால், அது முதல் வெட்டுக்கு வரும் நேரத்தில் பூத்துப் போகலாம். மிசோரமில் 1959-லும் அதன்பின் 2006, 2007-லும் காடு முழுக்க மூங்கில் பூத்து, விதையைத் தின்று எலி பெருகி, பயிர் அழிந்தது. ஆகவே இந்த இரு வகைகளிலும் விதைக் கன்றையே கேளுங்கள். எந்த ஆண்டு விதை என்று எழுதி வாங்குங்கள். வல்காரிஸ், பல்கூவா விதை பிடிப்பதில்லை, அவற்றில் போத்தோ திசு வளர்ப்புக் கன்றோதான். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் ரகம் பற்றி விசாரிக்கலாம்.

நடவு பெரிய வித்தையல்ல. இரண்டடிக்கு இரண்டடி குழி, அடியில் மக்கிய தொழு உரம், ஐந்து மீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 160 கன்று பிடிக்கும். நம் பக்கத்தில் ஆகஸ்டில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் தூரிலேயே மூடாக்குப் போடுங்கள், ஆண்டுக்கொரு முறை மண் அணையுங்கள்.

வெட்டும்போது மூன்று வயது முடிந்த கழியை மட்டும் எடுங்கள். முதல் ஆண்டுக் கழியில் மடல் ஒட்டியிருக்கும், வெண்பொடி படிந்திருக்கும். மூன்றாம் ஆண்டுக்குப் பின் பளபளப்பு போய், தோலில் சாம்பல் திட்டு விழும். ஒவ்வொரு ஆண்டுக் கழிக்கும் வேறு வண்ணப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டால் ஆள் மாறினாலும் தவறு வராது. குருத்து வரும் மழைக்காலத்தில் கத்தி வைக்கவே கூடாது. வெட்டிய கழியை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் உளுப்பது குறையும்.

வெளியே வளர்க்கும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து 2017-ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. ஆனாலும் வண்டி ஏற்றும் முன் உங்கள் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வழியில் நிறுத்தினால் பதில் சொல்ல உதவும்.

பொன்னேரிக்காரர் அன்று நல்ல கழியாக நாற்பதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி ஏற்றினார். பாகற்பந்தலுக்கு ஒரு வருடம் தாங்கும் என்றார். கடைக்காரர் வண்டிக்கருகில் வந்து, "உள்ள நிக்கிற பழங்கழியை எடுத்தா போன் பண்ணுங்க பெரியவரே, நான் ஆள் அனுப்புறேன்" என்று நம்பர் எழுதிக் கொடுத்தார்.