விருந்தாளி வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

குமரகம் கேரளத்தில் உள்ள ஒரு கிராமம். கோட்டயம் நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரம். ஊரை ஒட்டி வேம்பநாட்டு ஏரி இருக்கிறது. கேரளத்திலேயே பெரிய ஏரி இதுதான். கரையில் நின்று பார்த்தால் கடல் போலத் தெரியும். ஊருக்குள் எங்கே பார்த்தாலும் வாய்க்கால், தென்னை, நெல்வயல்.

இந்த ஊர் மக்கள் வயலில் உழைத்தார்கள். ஏரியில் மீன் பிடித்தார்கள். நீரில் மூழ்கிச் சிப்பி அள்ளினார்கள். கயிறு திரித்தார்கள். கள் இறக்கினார்கள். வாத்து வளர்த்தார்கள்.

ஏரிக்கரையில் ஆங்கிலேயர் குடும்பம் ஒன்றின் தோப்பு இருந்தது. அந்த இடம் பிறகு பறவைகள் சரணாலயம் ஆனது. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்தார்கள். 1990-களில் கரையோரம் பெரிய ஓட்டல்கள் எழும்பின. நெல் மூட்டை ஏற்றிய கெட்டுவள்ளம் என்ற படகுகள், ஆட்கள் தங்கும் படகு வீடுகளாக மாறின. 2000-ஆம் ஆண்டின் முடிவில், அப்போது பிரதமராக இருந்த வாஜ்பாய் இங்கே வந்து ஓய்வெடுத்தார். குமரகத்தின் பெயர் நாடு முழுவதும் தெரிந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். ஆனால் ஊருக்கு என்ன கிடைத்தது?

பணம் எங்கே போனது?

ஒரு பயணி ஓட்டலில் 1,000 ரூபாய் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிட்ட காய்கறி வெளியூரிலிருந்து லாரியில் வந்தது. கேரளத்துக்கு வேண்டிய காய்கறியில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்தான் போகிறது. ஓட்டலில் வேலை செய்பவர் பலர் வெளியூர்க்காரர். முதலாளி வேறு நகரத்தில் இருக்கிறார். அப்படியானால் அந்த 1,000 ரூபாயில் ஊருக்குள் தங்குவது எவ்வளவு?

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஊற்ற ஊற்ற வெளியே போய்விடும். சுற்றுலாப் பணமும் இப்படித்தான் ஊரைவிட்டு வெளியே போகிறது. சுற்றுலாவை ஆராயும் அறிஞர்கள் இதற்குக் ‘கசிவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பணம் வெளியே போனது. தொல்லை மட்டும் ஊருக்குள் தங்கியது. ஏரிக்கரை நிலம் கைமாறியது. சில இடங்களில் நெல்வயலை மண் போட்டு மூடினார்கள். மீனவர்கள் ஏரிக்குப் போன பழைய வழிகள் அடைபட்டன. படகுகளின் கழிவு நீரில் கலந்தது. மக்களுக்குக் கோபம் வந்தது. ஓட்டல்களுக்கு எதிராகப் போராட்டம் நடந்தது.

ஊருக்கும் வயது உண்டு

1980-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியல் அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார். மனிதருக்கு வயது ஏறுவது போலச் சுற்றுலா ஊருக்கும் வயது ஏறும் என்றார்.

முதலில் சிலர் மட்டும் வருவார்கள். ஊர் மக்கள் அன்போடு வரவேற்பார்கள். பிறகு கூட்டம் பெருகும். கடைகளும் ஓட்டல்களும் பெருகும். ஒரு கட்டத்தில் ஊர் தாங்காது. தண்ணீர் போதாது. குப்பை குவியும். அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. ஊர் விழித்துக்கொண்டு தன்னைச் சரிசெய்துகொண்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் பயணிகள் வேறு ஊரைத் தேடிப் போய்விடுவார்கள்.

ஊர் தாங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சிம்லா நகரம் காட்டியது. அது வடக்கே இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள மலை நகரம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே குடிநீர்ப் பஞ்சம் வந்தது. மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ‘இப்போது யாரும் இங்கே வராதீர்கள்’ என்று அந்த ஊர்க்காரர்களே பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள்.

கூடிப் பேசினார்கள்

குமரகத்தில் என்ன செய்தார்கள்?

2007-ஆம் ஆண்டில் கேரள அரசு ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. அதன் பெயர் பொறுப்புள்ள சுற்றுலா. ஊர் முதலில் அங்கே வாழ்பவருக்கு நல்ல இடமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது வருபவருக்கும் நல்ல இடமாக இருக்கும். இதுவே அதன் கருத்து. சோதனை செய்து பார்க்க நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகியவை அந்த நான்கு.

குமரகத்தில் ஊராட்சி முன்னின்றது. ஓட்டல்காரர்கள், சுற்றுலாத் துறை, குடும்பஸ்ரீ பெண்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குடும்பஸ்ரீ என்பது 1998-இல் கேரளத்தில் தொடங்கிய பெண்கள் இயக்கம். நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு போன்றது.

ஓட்டல்காரர்களிடம் ஒரே கேள்வி கேட்டார்கள். ‘உங்கள் சமையலறைக்கு என்னென்ன வேண்டும்?’ காய்கறி, தேங்காய், வாழையிலை, இளநீர் என்று பட்டியல் வந்தது. இவை எல்லாம் ஊரிலேயே விளையக்கூடியவை.

பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்தார்கள். சும்மா கிடந்த நிலத்தில் காய்கறி பயிரிட்டார்கள். வீட்டுத் தோட்டத்திலும் பயிரிட்டார்கள். விளைந்ததை ஓரிடத்தில் சேர்த்து ஓட்டல்களுக்கு அனுப்பினார்கள்.

வேலை சுலபமாக இருக்கவில்லை. ஓட்டலுக்குத் தினமும் சரக்கு வேண்டும். செடி தினமும் காய்க்குமா? காய் சொத்தையாக இருந்தால் ஓட்டல் வாங்காது. விலை குறைவாக இருந்தால் பெண்களுக்குக் கட்டாது. ஆகவே எந்த மாதம் எதைப் பயிரிடுவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டார்கள். விலையை முடிவு செய்ய ஒரு குழு. தரத்தைப் பார்க்க ஒரு குழு. விவசாயியும் ஓட்டல்காரரும் பேசி ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

வேலையே காட்சி ஆனது

இன்னொரு வழியும் பிறந்தது. பயணிகளை ஊருக்குள் அழைத்துப் போனார்கள். கயிறு திரிப்பதைக் காட்டினார்கள். தென்னங்கீற்று முடைவது, தாழம்பாய் பின்னுவது, வலை வீசுவது, கள் இறக்குவது எல்லாவற்றையும் காட்டினார்கள். பயணிகள் தாங்களும் கயிறு திரித்துப் பார்த்தார்கள். வேலையைக் காட்டியவருக்குக் கூலி கிடைத்தது. மதிப்பும் கிடைத்தது.

ஊர்களுக்கு இடையே இப்போது பெரிய போட்டி இருக்கிறது. ஏரியும் கடலும் எத்தனையோ ஊர்களில் உண்டு. நல்ல அறையை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் குமரகத்துப் பெண்ணின் கை திரிக்கும் கயிறு குமரகத்தில்தான் உண்டு. அதைப் பார்க்க ஆள் வருவார்கள். போட்டியில் ஊருக்குப் பலம் அதன் மக்கள்தான்.

2014-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த முயற்சிக்கு ஐக்கிய நாடுகள் சபையின் உலகச் சுற்றுலா அமைப்பு யுலிசஸ் என்ற விருதைக் கொடுத்தது. 2017-இல் இதே வழியை மாநிலம் முழுவதும் கொண்டுபோகக் கேரள அரசு தனி இயக்கம் ஒன்றை ஏற்படுத்தியது.

இன்னும் தீராதவை

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. படகுக் கழிவு ஏரியைக் கெடுப்பது இன்னும் கவலையாக இருக்கிறது. வாய்க்கால்களை ஆகாயத்தாமரை அடைக்கிறது. ஓட்டல் வருமானத்தோடு பார்த்தால் ஊருக்குக் கிடைப்பது சிறிய பங்குதான்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெரிய வெள்ளம் வந்தது. 2020-இல் கொரோனா வந்தது. இரண்டு முறையும் பயணிகள் வரவில்லை. சுற்றுலாவை மட்டுமே நம்பியவர்கள் திண்டாடினார்கள். ஆனால் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு தைரியம் உண்டு. பயணி வராவிட்டாலும் காயை ஊர்ச் சந்தையில் விற்கலாம். வீட்டிலும் சமைக்கலாம். ஆகவே சுற்றுலா ஊருக்குத் துணை வருமானமாக இருப்பது நல்லது. வயலையும் ஏரியையும் அழித்துவிட்டு வரும் சுற்றுலா நிலைக்காது.

விருந்தாளியை வரவேற்பது நல்ல பண்பு. ஆனால் வீட்டுக்காரர் பட்டினி கிடந்தால் விருந்து எத்தனை நாள் நடக்கும்?

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வெளியூர் ஆட்கள் வருகிறார்களா? கோயிலுக்கா, திருவிழாவுக்கா, அருவிக்கா?

2. அவர்கள் செலவு செய்யும் பணத்தில் ஊருக்குள் தங்குவது எது? வெளியே போவது எது?

3. அவர்கள் போன பிறகு குப்பையை யார் அள்ளுகிறார்கள்? அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

4. இதைப் பற்றி அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?