புதுநடை வேண்டாம், பழைய மொய் போதும்

ஆவணி முகூர்த்தம். ஓசூர் சாலையோரம் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் மொய் மேசை. ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார், பக்கத்திலிருப்பவர் எழுதுகிறார். நீளமான நோட்டு. முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். முதலில் ஊர், அப்புறம் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பெயர், கடைசியில் தொகை. ஊரை முன்னால் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் நாலு பேர் வருவார்கள், ஊர்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். “எவ்வளவுண்ணே எழுதட்டும்?” என்று கேட்கிறார் எழுதுகிறவர். “ஆயிரத்தி ஒண்ணு” என்று சொல்லிவிட்டு வந்தவர் பந்திக்கு நடக்கிறார். அந்த ஆயிரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவர் வீட்டாருக்கு மட்டும் தெரியும். சம்பளத்தில் மிஞ்சியதா, அடகுக் கடையிலிருந்து வந்ததா, கிரெடிட் கார்டில் எடுத்ததா?

இந்த மண்டபம் இருக்கும் அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் தாலுகாவில், கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இங்கிருந்து ஓசூர் ஏழெட்டுக் கிலோமீட்டர். ஊரைச் சுற்றித் தொழிற்பேட்டை. பெங்களூருப் பக்கம் போனால் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து இங்கேயே வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இரண்டு ஊர்ப் பந்தம், இரண்டு பக்கப் பத்திரிகை. சொந்த ஊரில் காதுகுத்து, இங்கே வீட்டுக்காரர் மகள் கல்யாணம், தொழிற்சாலை ஷிஃப்டில் கூட வேலை செய்பவரின் புதுமனை புகுவிழா. இரண்டு பக்கமும் போகவேண்டும், இரண்டு பக்கமும் எழுதவேண்டும்.

நாம் மொய் என்பதைக் கன்னடத்தில் முய்யி என்கிறார்கள். கல்யாணத்தில் வைக்கும் பணத்துக்கும் அந்தப் பெயர்தான், செய்ததற்குப் பதில் செய்வதற்கும் அதுதான். ‘முய்யிகெ முய்யி’ என்றால் பதிலுக்குப் பதில். வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழிலும் அதே கதைதான். மொய்யைப் பரிசு என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் வீட்டில் அதைக் கடனாகத்தான் நோட்டுப் போட்டு வைத்திருக்கிறோம்.

இந்தக் கணக்கை மிகத் தெளிவாக நடத்துகிறவர்கள் புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் எல்லைப் பகுதிக்காரர்கள். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துக் காலம். கல்யாணம், காதுகுத்து என்று எந்தச் சாக்கும் தேவையில்லை. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைத்து மொய் வாங்குகிறார்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேசை, தனி நோட்டு. ஒரு குடும்பம் வழக்கமாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வைக்கும். இடைப்பட்ட காலத்தில் மற்றவர்களின் விருந்துக்குப் போய் எழுதிக்கொண்டே இருக்கும். பணம் எண்ணும் இயந்திரமும் கம்ப்யூட்டர் ரசீதும் அங்கே வந்து பல வருடமாகிவிட்டது. பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர் 2022 ஆகஸ்டில் நடத்திய விருந்தில் சுமார் 10 கோடி ரூபாய் மொய் சேர்ந்ததாகச் செய்திகள் வந்தன. மொய் விருந்துப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள், கடை வைத்தவர்கள் உண்டு. திருப்பித் தர வேண்டிய வருடத்தில் கையில் பணமில்லாமல் தோட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னையைச் சாய்த்துப் போட்டது. 2020இல் கொரோனா வந்து விருந்துகளே நின்றன. எழுதிய மொய் திரும்பி வரும் என்று நம்பியிருந்தவர்கள் அப்போது பட்டபாடு கொஞ்சமல்ல.

அங்கே புழங்கும் சொல் ஒன்று அத்திபெலேக்காரருக்கும் உதவும். புதுநடை. ஒருவர் நமக்கு 2,000 எழுதியிருந்தால் அந்த 2,000 பழைய மொய். அதைத் திருப்பும்போது கூடுதலாக 1,000 வைத்தால் அந்த 1,000 புதுநடை. அதாவது நாம் அவருக்குக் கொடுக்கும் புதுக் கடன். பழைய மொய்யை மட்டும் வைத்தால் கணக்கு நேர். அதில் குறைவும் இல்லை, அவமானமும் இல்லை. கடனில் இருக்கும் குடும்பம் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். பழைய மொய்யைத் தவறாமல் திருப்ப வேண்டும், அது நாணயம். புதுநடை வைப்பது, கடன்பட்டவர் அடுத்தவருக்குக் கடன் கொடுப்பது போலத்தான்.

அதிலும் அது வட்டியில்லாக் கடன். ஐந்து வருடம் கழித்து வந்தாலும் 1,000 என்பது 1,000தான். அதைக் கொடுக்க நாம் வாங்கும் கடனுக்கு என்ன வட்டி? கிரெடிட் கார்டில் மாதம் 3.5 விழுக்காடு சாதாரணம், ஆண்டுக்கு 42. மூணு வட்டிக்கு வாங்கினால் 36. தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலித்தால், ஆண்டுக் கணக்கில் வட்டி 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பார்க்க 1,500தான் வட்டி மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் குறைந்துகொண்டே வருகிறது, முழுப் பணமும் நம் கையில் நூறு நாள் இருப்பதில்லை. அதனால்தான் கணக்கு அவ்வளவு ஏறுகிறது.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவன் தொழிற்பேட்டையில், மனைவி ஆயத்த ஆடை ஆலையில். இருவருக்கும் சேர்த்து மாதம் 32,000. கார்டில் 40,000 நிலுவை. பில்லில் ‘குறைந்தபட்சம் 2,000 கட்டுங்கள்’ என்று வருகிறது, அதையே கட்டுகிறார்கள். 40,000க்கு ஒரு மாத வட்டி 1,400. அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 252. ஆக 1,652 போய்விட்டது. கட்டிய 2,000த்தில் அசலில் குறைந்தது 348 ரூபாய். புதிதாக எதுவும் வாங்காமல் இப்படியே மாதம் 2,000 கட்டிக்கொண்டு போனால் கடன் தீர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். கட்டிய தொகை 86,000ஐத் தாண்டியிருக்கும்.

இந்த வீட்டில் முக்கால் பவுன் கம்மல் இருந்தால் வேறு வழி உண்டு. 2025இல் 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு ஆறு கிராமை வங்கியில் வைத்தால் 40,000 கிடைக்கும். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் முதல் மாத வட்டி 400 ரூபாய்தான். அவ்வப்போது அசலில் கட்ட விடும் நகைக்கடனாகப் பார்த்து வாங்கி, கார்டை ஒரே தவணையில் அடைத்துவிட வேண்டும். கார்டைத் திரும்பத் தேய்க்கக் கூடாது என்பது இதில் பாதி வேலை. தேய்த்தால் இரண்டு கடன் ஆகிவிடும், கம்மலும் ஏலத்துக்குப் போகும்.

நகைக்கடனைச் சீக்கிரம் அடைக்க, கார்டுக்குக் கட்டிவந்த 2,000த்தோடு மாதம் இன்னொரு 2,000 எங்கிருந்து வரும்? மளிகையில் தேடுவதற்கு முன்னால் மொய் நோட்டில் தேடவேண்டும். போன வருடம் மொய், சீர், பிறந்தநாள், வளைகாப்பு எல்லாம் சேர்த்து 36,000 போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டைப் புரட்டி, இந்த வருடம் விசேஷம் வைத்திருக்கிறவர்கள் நமக்கு எழுதியதை மட்டும் கூட்டினால் 12,000 வருகிறது. இந்த வருடமும் அதே 36,000 போவதாக இருந்தால் மீதி 24,000 புதுநடை, அல்லது நாமாகவே ஏற்றிக்கொண்ட மரியாதைச் செலவு. மாதம் 2,000. தேடிய பணம் அங்கே இருக்கிறது.

நோட்டில் ரூபாயாக எழுதாமல் கிராமாக எழுதியிருந்தால்தான் சங்கடம். 2018இல் ஒருவர் ஒரு கிராம் தங்கக் காசு வைத்தபோது அவருக்குச் சுமார் 3,000 ரூபாய் ஆனது. இன்று அதே ஒரு கிராமைத் திருப்ப மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். ரூபாயில் எழுதிய மொய் நாளாக நாளாகத் தேய்கிறது, தங்கத்தில் எழுதியது வளர்கிறது. கடன் இருக்கிற வீட்டில் யாராவது விசேஷத்துக்குத் தங்கம் வைக்க வந்தால், உரிமையுள்ள உறவாக இருந்தால், ரூபாயாகவே எழுதச் சொல்வது இருவருக்கும் நல்லது.

சீர் விஷயத்தில் இந்த மண்ணின் பழைய வழக்கமே கைகொடுக்கும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் கௌரி பண்டிகை. பிறந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு முறத்தில் வைத்து பாகினம் போகும். மொரத பாகின என்பார்கள். மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி, கொஞ்சம் அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய். ஒரு முறத்தின் மேல் இன்னொரு முறத்தைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். பட்டுப் புடவையும் வெள்ளி விளக்கும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. நம் பக்கத்துப் பொங்கல் சீரும் அப்படித்தான். கரும்பு, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து என்று இருந்ததில் குக்கரும் மிக்சியும் ஏறிக்கொண்டன. பழைய பட்டியலுக்கே திரும்பி, முறத்தைக் கையோடு எடுத்துப்போய் ஒருநாள் தங்கி வந்தால், அனுப்பியதைக் குறைவு என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அண்ணன் வந்தான் என்பதுதான் அவளுக்குப் பெரிது.

கையிறுக்கத்தை உறவினரிடம் சொல்வதுதான் கஷ்டம். நாத்தனாருக்கோ அண்ணிக்கோ முன்னமே ஒரு போன் போட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். “அண்ணி, இந்த வருஷம் கை கொஞ்சம் இறுக்கம். நீங்க எழுதின ரெண்டாயிரம் நோட்டுல இருக்கு, அதை அப்படியே வச்சிடறோம். சீர் செய்ய முடியாது, கோவிச்சுக்காதீங்க. நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்து வேலை பாக்கறேன்.” விசேஷ வீட்டில் காய் நறுக்கவும் பந்தி கவனிக்கவும் ஆள் கிடைக்காத காலம் இது. முன்கூட்டியே வந்து நிற்கும் ஒருத்திக்கு எந்த வீட்டிலும் தனி மதிப்பு உண்டு.

அன்றாடச் செலவைக் குறைக்க, எல்லைக்குக் கர்நாடகப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சில வசதிகள் இருக்கின்றன. கர்நாடக அரசு 2023 ஜூன் 11 முதல் நடத்தும் சக்தி திட்டத்தில் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். பத்து வருடமாக அத்திபெலேயில் குடியிருந்தும் ஆதாரில் ஊர் முகவரியே இருப்பவர்கள் தினமும் டிக்கெட் எடுக்கிறார்கள். முகவரியை மாற்றினால் மாதம் பல நூறு ரூபாய் மிஞ்சும். மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கான கிருஹ ஜோதி இலவச மின்சாரம் வாடகைதாரருக்கும் உண்டு. வீடு மாறினால் பழைய இணைப்பிலிருந்து பெயரை விடுவித்துப் புது வீட்டுக்குப் பதிந்துகொள்ள வேண்டும், அதை மறந்துவிட்டுப் பில் கட்டுகிறவர்கள் உண்டு. 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழுப் பில்லும் கட்டவேண்டும்.

தீபாவளி என்றால் அத்திபெலேயின் பட்டாசுக் கடைகள்தான் நினைவுக்கு வரும். 2023 அக்டோபர் 7 அன்று இங்கே ஒரு பட்டாசுக் கடையில் பற்றிய தீயில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பலர் பண்டிகைக் காலக் கூலிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். வீட்டுச் செலவுக்கு நாலு காசு கொண்டுபோக வந்த பிள்ளைகள். அந்த ஊரில் குடியிருந்துகொண்டு, பட்டாசுக்காகக் கடன் வாங்க மனம் வரக்கூடாது.

வாரத் தவணைக் குழுக்கடனை, இங்கே சொல்கிறபடி சங்கத்துக் கடனை, வாங்கியவர்கள் சில விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரக்கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கக் கர்நாடகம் 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே ஆண்டு தமிழ்நாடும் தனிச் சட்டம் இயற்றியது. எல்லைக்கு அந்தப்பக்கம் வாங்கிய கடனானாலும் இந்தப்பக்கம் வாங்கிய கடனானாலும், வாசலில் நின்று சத்தம் போடுகிறவர்மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

மேலே சொன்ன வீட்டின் கணக்குக்கு வருவோம். கார்டுக்குக் கட்டிவந்த 2,000, மொய் நோட்டில் மிச்சம்பிடித்த 2,000. இரண்டும் சேர்த்து மாதம் 4,000 வீதம் நகைக்கடனுக்குக் கட்டினால் பதினோரு மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்த வட்டி ஏறத்தாழ 2,400 ரூபாய். இந்த ஆவணியில் தொடங்கினால் ஆனியில் கடைசித் தவணை. ஆடி பிறக்கும்போது கம்மல் காதில் இருக்கும். அடுத்த ஆவணியில் பத்திரிகைகள் வரும்போது, யாருக்குப் புதுநடை வைக்கலாம் என்று அந்த வீட்டுக்காரி நோட்டைப் பிரித்து உட்காரலாம்.