மஞ்சள் மீன் எல்லாம் ஒரே மீன் அல்ல!

மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிடும். நிறத்தை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கக் கூடாது என்பது நம் தொழிலின் பாலபாடம். ஆனால், கடையிலோ வீட்டிலோ கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர், மீன் வாங்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தொட்டிகளுக்குப் பலரும் விரும்பி வாங்குவது 'டாங்' வகை மீன்கள். வாலடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் இருப்பதால் 'சர்ஜன் மீன்' என்றும் பெயர். இவற்றில் பல, குஞ்சில் ஒரு நிறம். வளர்ந்தபின் வேறு நிறம். இரண்டு அங்குல மஞ்சள் குஞ்சு ஒன்று, கீழ்க்கண்ட நான்கில் எதுவாகவும் இருக்கலாம்.

1. யெல்லோ டாங்: ஹவாய்த் தீவுகளில் மிகுதி. கடைசி வரை மஞ்சளே. வாய் கூம்பு போல் முன்னே நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் உயர்ந்திருக்கும். வாலடி முள் வெள்ளை. சுமார் 8 அங்குலம் வளரும்.

2. அட்லாண்டிக் புளூ டாங்: கரீபியன் கடல் மீன். குஞ்சு பளிச்சென்ற மஞ்சள்; கண்ணைச் சுற்றியும் துடுப்பு ஓரத்திலும் நீலச் சாயல் தெரியும். வளர வளர நீலமாகும். உடல் நீலமான பிறகும் வால் சில காலம் மஞ்சளாக இருப்பதுண்டு.

3. ஆரஞ்சு ஷோல்டர் டாங்: பசிபிக் கடல் மீன். குஞ்சு மஞ்சள்; பின்னர் தோளில் ஆரஞ்சுப் பட்டை தோன்றி, உடல் சாம்பல் பழுப்பாகும்.

4. சாக்லேட் டாங்: குஞ்சுப் பருவத்தில் சிறிய ஏஞ்சல் மீன்களின் வேடம் போடும். வால் உருண்டையாக இருக்கும். வளர்ந்ததும் பிறை வடிவாகும், நிறமும் பழுப்பாகும். அசல் ஏஞ்சல் மீனுக்கு முள் கன்னத்தில். டாங் மீனுக்கு வாலடியில். இதுவே எளிய அடையாளம்.

பின்னுள்ள மூன்றுக்கும் வாய் அவ்வளவு நீளாது, துடுப்பும் அவ்வளவு உயராது. நிறம் மாறும், முகம் மாறாது. ஆகவே மீனைப் பக்கவாட்டில் பார்த்து, முதலில் வாயைக் கவனியுங்கள்.

இதில் பணமும் இருக்கிறது, ஓர் உயிரும் இருக்கிறது. 2017-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் மேற்கு ஹவாயில் மீன்தொட்டி வணிகத்துக்கான பிடிப்பு முடங்கியது. யெல்லோ டாங் விலை ஏறியது. 2015-இல் ஹவாயில் பண்ணைமுறைக் குஞ்சு பொரிப்பு வெற்றி பெற்றதால் இன்று பண்ணைக் குஞ்சுகளும் கிடைக்கின்றன, விலை மலிவல்ல. அந்த விலையைக் கொடுத்து வேறு மீனை வாங்கினால் நஷ்டம். அதைவிடப் பெரிது, புளூ டாங்கும் ஆரஞ்சு ஷோல்டரும் ஓரடிக்கு மேலும் வளரக்கூடியவை. 8 அங்குல மீனுக்கென்று வைத்த தொட்டியில் அவை திரும்ப இடமின்றி வாடும். மற்ற மீன்களையும் வாலடி முள்ளால் கிழிக்கும்.

பில்லில் அறிவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். 'ஜீப்ராசோமா ஃபிளேவெசென்ஸ்' என்றால் யெல்லோ டாங். 'அகாந்தூரஸ்' என்று தொடங்கினால் அது வேறு மீன். வளர்ந்தால் எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.